நாலு விரல் இடைவெளி

கூம்பை விரிப்பது அந்தத் தொட்டித் தொழிற்சாலையின் டிராயிங்காரருக்குக் கைவந்த கலை. கணினித் திரையில் புனல் வடிவத்தை வரைந்து, அதன் உடம்பில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பிளவு விட வேண்டும். பிளவு இல்லையென்றால் மென்பொருள் முரண்டு பிடிக்கும். பிளவு விட்டால் கூம்பு சமர்த்தாக விரிந்து, விசிறி மாதிரி தட்டையாகப் படுத்துக்கொள்ளும். அந்த விசிறியைக் கட்டிங் மெஷின் தகட்டில் வெட்டும், ரோலிங் மெஷின் சுருட்டும். "பதினெட்டு வருஷத்துல நான் விரிச்ச ஒரு கூம்பு சேராம போனதில்ல" என்று டீ குடிக்கும்போதெல்லாம் பீற்றிக்கொள்வார். கேட்டவர்களுக்குக் காது புளித்திருந்தது.

அன்று காலை ஒரு கூம்பு சேரவில்லை.

பெரிய உருளைத் தொட்டியின் அடிப்பாகம் அது. பத்து மில்லி தடிமன். சொல்லிவைத்து மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய தகடு. தொட்டியின் கீழ் விளிம்போடு சேர்த்துப் பிடித்தபோது, சுருட்டிய தகட்டின் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

அதைச் சுருட்டியவன் டிராயிங்காரருடைய மனைவியின் தம்பி. அவர்தான் சிபாரிசு செய்து அவனை இங்கே சேர்த்துவிட்டார். தகட்டின் இரண்டு ஓரத்தையும் ரோலர் சரியாக வளைக்காது என்பதால், இரு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக விட்டு, சுருட்டிய பிறகு கோடு பார்த்து வெட்டி எறிவது வழக்கம். அப்படி வெட்டுவதும் மச்சினன்தான். போன வருஷம் ஒரு தடவை கோட்டைத் தாண்டி வெட்டி எச்சரிக்கைக் கடிதம் வாங்கினான். அதற்கு முன்னால் வேறொன்றுக்கு ஒரு கடிதம். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"கோட்டு மேலயேதான் சார் வெட்டினேன், புள்ளைங்க மேல சத்தியம்" என்று அவன் மேனேஜரிடம் அடித்துச் சொன்னான். வெட்டிய துண்டுகளைக் காட்டலாமென்றால், பழைய இரும்பு லாரி விடியற்காலையே வந்து அள்ளிப் போய்விட்டது.

டிராயிங்காரர் அறைக்குத் திரும்பிக் கணினியில் அந்தக் கூம்பின் கோப்பைத் திறந்தார். மச்சினன் எங்கே தப்பு செய்தான் என்று கண்டுபிடித்து நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்றுதான் திறந்தார். கொடுத்திருந்த அளவு உள்விட்டம். தகட்டின் தடிமன் அந்த வட்டத்துக்கு வெளியே போக வேண்டும். இவர் வரைந்ததில் அது உள்ளே போயிருந்தது. ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். கூம்பு சிறுத்து, விரித்த தகடும் நாலு விரல் குறைந்திருந்தது.

யாரோ கதவுப் பக்கம் வருகிற சத்தம் கேட்டது. அவர் டிக்கை எடுத்தார், மறுபடி விரித்தார், அதே பெயரில் சேமித்தார். கட்டிங் மெஷினும் அந்தக் கோப்பைத்தான் படிக்கும் என்பதால் பழையது இருந்த இடமே தெரியாமல் போயிற்று. எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வந்தவர் தண்ணீர் கேன் வைத்துவிட்டுப் போனார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மனைவி காலையில் இருவருக்கும் கட்டிக்கொடுத்த சாப்பாடு. அவருக்கும் மச்சினனுக்கும் ஒரே மாதிரி டப்பா. மறுபடி மூடிவைத்தார். மேனேஜர் கடிதம் அடிக்கச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எழுந்து போனார்.

"சார், தப்பு என்னோடது. தடிமனை உள்பக்கம் போட்டுட்டேன்."

மேனேஜர் கோப்பைத் திறந்து, பொறுமையாக அளந்து பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"காலையில நான்தான் மாத்தினேன். அவன் மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம்."

"நீங்க தினம் பத்துக் கோப்பைத் திறந்து சேவ் பண்றவர். இன்னிக்கும் பண்ணியிருக்கீங்க." மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதினெட்டு வருஷத்துல ஒரு கூம்பு சேராம போனதில்லன்னு நீங்களே எத்தனை வாட்டி சொல்லியிருக்கீங்க? மச்சான் மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக உங்க பேரை நீங்களே கெடுத்துக்காதீங்க."

"சத்தியமா சொல்றேன் சார்."

"அவனும் காலையில சத்தியம்தான் பண்ணினான். போங்க, போய் வேலையைப் பாருங்க."

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மச்சினன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பை, அதில் வேலையில் போட்டுக்கொள்ளும் அவனுடைய கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும். மனைவி அழுது முடித்த முகத்தோடு அடுப்படியில் நின்றாள்.

"மாமா, எனக்காக மேனேஜர்கிட்ட பொய் சொன்னீங்களாமே. எல்லாரும் சொன்னாங்க." அவன் எழுந்து நின்றான். "யாரு செய்வா இப்படி?"

"பொய் இல்ல மச்சான். நெஜமா என் தப்புதான்."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து வட்டம் போட்டார். உள்ளே எது, வெளியே எது, டிக் எங்கே இருந்தது, எப்போது எடுத்தார், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவன் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

"போதுங்க" என்றாள் மனைவி. "நீங்க சொல்லச் சொல்ல அவனுக்குத்தான் இன்னும் கஷ்டம்."

"நான் சொல்றது யாருக்குமே காதுல விழலையா?" என்று அவர் கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வீட்டில் கத்தியதில்லை.

மச்சினன் அவர் கையிலிருந்த காகிதத்தை மெல்ல வாங்கி மடித்து வைத்தான்.

"விடுங்க மாமா. நானும் வர்ற வழியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். கோட்டு மேலதான் வெட்டினேன்னு காலையில அவ்வளவு உறுதியா இருந்தேன். இப்ப அப்படித் தோணல. உங்க படம் சரியா இருக்குன்னா, போன தடவை மாதிரி என் கைதான் தாண்டியிருக்கும்." அவன் இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேற எடத்துல வேலை கேட்டுப் பாக்கலாம்னு சொல்றா அக்கா. இந்தக் கைய எனக்கே நம்ப முடியலியே மாமா, எதை வச்சுப் போய்க் கேக்குறது?"