கல் வைத்திருப்பவர் பேசலாம்

பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த வீரணன், தெருமுனையில் பள்ளிக்கூட வேன் நிற்பதைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டான். விடியக்காலை நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்த தங்கை புருஷன் தங்கபாண்டி உள்ளே பெஞ்சில் கிடந்தான். அதற்குள் இவர்களுக்கு எப்படி மூக்கில் வேர்த்தது?

திருச்சுழி ரோட்டில் புதிதாக வந்த பள்ளிக்கூடம் அது. பிரம்பு கிடையாது, பரீட்சை கிடையாது. பிள்ளைகளே ஓட்டுப் போட்டு மந்திரி வைத்துக்கொள்ளுமாம். 'நாளைய தலைவர்கள்' என்று வாசலில் போர்டு வேறு. ஏழாம் வாய்ப்பாட்டில் முழிக்கிற கழுதைகள் நாட்டை ஆளப் போகின்றனவாம்! தங்கை மகள் ப்ரியாவும் அங்கேதான் படிக்கிறாள். அதுகூடத் தொலையட்டும், தங்கபாண்டி எதற்கு வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போய் உட்கார்ந்தான்? பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் அவனுடைய கரிசல்காடு. வாயில்லாப் பூச்சியை மயக்கிக் காட்டை எழுதி வாங்கியிருப்பார்கள். ப்ரியாவை மல்லாங்கிணறுக்குக் கூட்டிப் போய் அடித்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவது என்று வீரணன் காலையிலேயே முடிவுகட்டியிருந்தான்.

வாத்தியார் மாதவன் கும்பிட்டபடி வந்தார். "பிள்ளைக ப்ரியா கூடக் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்யா."

"இருக்கட்டும். காட்டப் பத்தி மட்டும் இன்னைக்குப் பேசாதீக."

"எந்தக் காடுங்கய்யா?"

என்னமா நடிக்கிறான், என்று பல்லைக் கடித்தான் வீரணன்.

பிள்ளைகள் பந்தலில் வட்டமாக உட்கார்ந்தன. ஒரு சிறுமி பையிலிருந்து கண்மாய்க் கல் ஒன்றை எடுத்து ப்ரியாவின் கையில் வைத்தாள். வீரணன் விறுவிறுவென்று போனான்.

"என்னத்தா இது, மந்திரமா?"

"கல்லு வச்சிருக்கவுகதான் பேசணும் மாமா. முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது. அப்பா வெள்ளிக்கிழம வந்து எங்க கூடப் பேசுவாக."

"ஒங்கப்பனா? நாலு வார்த்த சேந்தாப்புல வராதே. திக்குமே."

"திக்கும். நாங்க காத்திருப்போம்."

"காட்டப் பத்திப் பேசினானா?"

"பேசுனாக. கம்பங்கருதுக்குக் கிளி வர்றதச் சொன்னாக. அன்னைக்கு மணி அடிச்சும் யாரும் எந்திரிக்கல." ப்ரியா மூக்கை உறிஞ்சினாள். "வீட்ல அப்பா ஆரம்பிச்சா நீங்கதான முடிச்சு வைப்பீக."

வாஸ்தவம்தான். தங்கபாண்டி 'அ... அ...' என்று இழுத்தால், 'அருப்புக்கோட்டைக்குத்தான, போயிட்டு வா' என்று வீரணன் சொல்லிவிடுவான். அதைத்தான் சொல்ல வந்தானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ப்ரியா கல்லை நீட்டினாள். "நீங்க பேசுங்க மாமா."

இனி அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்ல இதைவிட நேரம் வாய்க்காது. கல்லை வாங்கினான். "நீ வந்து... நாளையிலேருந்து..." அதற்குமேல் வரவில்லை. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வீரணா, தூக்கப் போறோம்" என்று வாசலில் கூப்பிட்டார்கள்.

"பேசி முடிக்கிற வரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாமா" என்றாள் ப்ரியா.

சுடுகாட்டில் வாய்க்கரிசிக்குக் கை நீட்டும்போதுதான் கல் இன்னும் கையிலிருப்பது தெரிந்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு அரிசியை அள்ளிக் குனிந்தான். தாடைக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். ஏதோ சொல்ல ஆரம்பித்ததுபோல் தங்கபாண்டியின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"போடப்பா, பின்னால ஆளு நிக்குதுல்ல."

வீரணன் அரிசியைப் போடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.