மாதிரிப் பக்கம்

படிப்பு முடித்துப்போன பிள்ளை வேலை கிடைத்து இனிப்போடு வருவாள் என்று பார்த்தால், ஆதிரா கண் சிவந்து வந்து நின்றாள்.

"நெய்யாற்றின்கரையில ஒரு செய்தித் தளத்துக்கு இன்டர்வியூ போனேன் டீச்சர். எனக்க பேர நெட்டில தேடிப் பாத்திருக்காவ. 'நீ பெரிய சானல்ல சீனியர் ரிப்போர்ட்டர்னு போட்டிருக்கே, பிறகு எதுக்கு இங்க வந்தே?'ன்னு கேட்டாவ. அது பொய்யின்னு சொன்னேன். ஆரு எழுதினதுன்னு கேட்டாவ." ஆதிரா ஜினியின் முகத்தைப் பார்த்தாள். "நான்தானே எழுதினேன். நீங்க சொல்லித்தானே எழுதினேன்."

ஜினிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததும் உச்சந்தலை வரை சூடேறியது.

கேரள எல்லையிலுள்ள பாறசாலையின் ரயில் நிலையச் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தப் பத்திரிகைப் படிப்பு நிலையம். அங்கே இணையப் பக்கம் வடிவமைக்கச் சொல்லித்தருகிறவள் ஜினி. பக்கம் போட்டுப் பழகும்போது வாயில் நுழையாத ஏதாவது எழுத்தைக் கொட்டி இடத்தை நிரப்புவதுதான் எங்கும் வழக்கம். ஜினிக்கு அது பிடிக்காது. 'அஞ்சு வருசம் கழிச்சு நீங்க என்னவா இருப்பீங்களோ, அத எழுதுங்க' என்பாள். பிள்ளைகளும் ஆசை ஆசையாக எழுதினார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'மாதிரிப் பக்கம்' என்று சிவப்புப் பட்டை போடவைத்தது ஜினிதான்.

இப்போது பட்டையைக் காணோம். மற்றதெல்லாம் அப்படியே, 'நம் வெற்றியாளர்கள்' என்ற தலைப்பில், நிலையத்தின் தளத்தில் ஊர் பார்க்கக் கிடந்தது. எவ்வளவு நெஞ்சழுத்தம்! பிள்ளைகளின் கனவைத் திருடி விளம்பரத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

நேரே நிறுவனர் ஈசாக்கின் அறைக்குப் போனாள். வகுப்பில் மலையாளம், விருந்தாளிகளிடம் இங்கிலீஷ் என்று இருந்தாலும், சண்டை என்று வந்தால் இருவருக்கும் தமிழ்தான்.

"எதுக்கு சார் அந்தப் பட்டைய எடுத்தீங்க?"

"ஒரு பட்டைதானே ஜினி? விளம்பரம் ஆக்கும். ஆரு போயி விசாரிக்கப் போறாவ?"

"விசாரிச்சாச்சு சார். ஒரு பிள்ளைக்க வேல போச்சு. விசாரிக்காம எழுதாதேன்னு படிப்பிச்சுக் குடுக்கிய இடமாக்கும் இது!"

"நாளைக்கு அட்மிஷன் கூட்டம் உண்டு. அது முடியட்டு, பாப்போம்."

தளத்தின் கடவுச்சொல் ஜினியிடம் இருந்தது. அன்றே அழித்திருக்கலாம். அழித்தால் யாருக்கு லாபம்? அப்படி ஒரு பக்கமே இருந்ததில்லை என்று அந்த மனுஷன் கூசாமல் சாதிப்பார். தப்பு எந்த இடத்தில் வந்ததோ அதே இடத்தில்தான் திருத்தமும் வரவேண்டும் என்பது பத்திரிகைக்காரர்களின் முறை. பக்கத்து வகுப்பில் அதற்கென்றே ஒரு பாடம் நடக்கிறது.

"நாளைக்கு வா மக்கா" என்று ஆதிராவிடம் சொன்னாள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. பெற்றோர் எல்லாருக்கும் ஈசாக்கே வாட்ஸப்பில் அந்தப் பக்கத்தின் சுட்டியை அனுப்பியிருந்தார். சுவரிலிருந்த பெரிய டிவியிலும் அதுவே ஓடியது. ஆதிராவின் படம் வந்ததும் அவர் குரலை உயர்த்தினார். மகள் தாராவைச் சேர்க்கச் செங்கல் ஊரிலிருந்து வந்திருந்த ஸ்ரீகுமாரி படத்தைப் பார்த்தாள். பிறகு, கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"மக்கா, இது நீதானே? சானல்லயா இருக்க?"

"இல்லக்கா. எனக்கு வேல இல்ல."

எல்லாத் தலையும் கதவுப்பக்கம் திரும்பியது. ஜினி முன்வரிசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து தளத்துக்குள் நுழைந்தாள்.

"சொல்லு மக்கா. நான் அடிக்கேன்."

ஆதிரா நிறுத்தி நிறுத்தி மலையாளத்தில் சொன்னாள். டிவியில் அவள் படத்துக்குக் கீழே எழுத்து விழுந்தது: 'திருத்தம். இது வகுப்புப் பயிற்சிக்காக எழுதிய மாதிரிப் பக்கம். ஆதிரா எந்தச் சானலிலும் இல்லை. மாதிரி என்ற அடையாளத்தை நீக்கி வெளியிட்டது இந்த நிலையம்.'

ஈசாக் பாய்ந்து டிவியின் வயரைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன செய்ய? ஸ்ரீகுமாரி போனில் விரலைக் கீழே இழுத்துப் பக்கத்தைப் புதுப்பித்து, வந்த எழுத்தை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் போனை எடுத்தார்கள்.

"ஜினி! நாளை முதல் நீ இங்க வரண்டாம்!"

ஜினி மடிக்கணினியை மூடவில்லை. சம்பளம் போனது போனதுதான் என்று மனசு சொல்லிவிட்டது.

"டீச்சர்" என்றாள் ஆதிரா. "சார் இப்பம் சொன்னதயும் சேத்துப் போடுங்க. நடந்ததாக்கும்."

ஜினி சேர்த்தாள்: 'இத்திருத்தத்தைப் பதிவிட்ட ஆசிரியை ஜினி சற்றுமுன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.'

கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய் மறுபடியும் விரலை இழுத்துவிட்டார்கள்.