கொம்பு மட்டும்தான்

பலாவின் பால் இரும்பில் ஒட்டினால் லேசில் போகாது. அதனால் சுபிதா வெட்டுகத்தியின் இரண்டு பக்கமும் தேங்காயெண்ணெய் பூசினாள். பிடியில் மட்டும் எண்ணெய் படாமல் பழந்துணியால் துடைத்தாள். நைட்டிக்கு மேல் செத்துப்போன புருஷன் யோவானின் முழுக்கைச் சட்டை, கீழே பேண்ட். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிற அதே வேஷம்தான். இடுப்பில் கயிற்றைச் சுற்றி, கத்தியை முதுகுப் பக்கம் செருகினாள்.

"ஏட்டி, விழுந்தியன்னா ஒன்னத் தூக்க எனக்கு ஏலாது, கேட்டியா?" என்றாள் செல்லத்தாய். இருவரும் ஒரே தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். இன்று மரக்கொம்பை இறக்க வடக்கயிறு பிடிக்க வந்திருந்தாள். வெட்டி விழுகிற இலை, குழை முழுவதும் அவளுடைய ஆடுகளுக்கு. அதுதான் கூலி.

"விழுந்தா குழைக்கு மேலதான் விழுவேன். ஒனக்க ஆட்டுக்கிட்ட சொல்லி வை."

புறக்கடைப் பலாவின் ஒரு கொம்பு மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஞானதாசனின் கார் ஷெட்டுக்கு மேலே நீண்டு கிடந்தது. ஞானதாசன் மஸ்கட்டில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டிச் சம்பாதித்து வந்து வீடு வைத்தவன். கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அதற்குள் கொம்பு போகணும், இல்லாவிட்டால் மரம் போகணும் என்று வார்டு மெம்பரைக் கூட்டிவந்து சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை தவணை. சுபிதா வாய் திறப்பதற்குள், அவளுடைய கொழுந்தன் ஜாஸ்பர் முந்திக்கொண்டான். "மரமே போட்டும். நல்ல தடி."

மரம் நிற்பது யோவானின் பங்கில். ஜாஸ்பருக்கு அதில் ஒரு இலைகூடக் கிடையாது. ஆனாலும் தடி வியாபாரியிடம் அவன் மரத்துக்கு விலை பேசி முடித்திருந்தான். மரத்தின் உடம்பு முழுக்கச் சுபிதா ஏற்றிவிட்ட நல்லமிளகுக் கொடி. மணிகள் இன்னும் பச்சை. பறிக்க இன்னும் காலம் கிடக்கிறது. மழை பெய்து பால்வெட்டு நின்றுபோகும் மாதங்களில் அந்த மிளகுதான் அவள் வீட்டில் உலை வைக்கும். மரம் சாய்ந்தால் கொடியும் சாயும். இதைச் சொன்னபோது மெம்பர் கொட்டாவி விட்டார்.

மரமேறும் பகவதியப்பனைக் கூப்பிட்டாள். "ஞாயிறு வரைக்கும் எனக்கு நடுவு வலி," என்று இடுப்பைப் பிடித்துக் காட்டினான். "திங்கக்கிழமை சரியாயிருமா?" என்று கேட்டாள். அவன் சிரித்தானே தவிர, ஜாஸ்பர் பெயரைச் சொல்லவில்லை.

ஆக, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளே ஏறினாள்.

மிளகுக்கொடியில் கால் படாமல், மறுபக்கம் ஏணி சாய்த்து ஏறினாள். கொம்பின் நடுவில் வடத்தைக் கட்டி, மேலே இருந்த கவட்டையில் போட்டு இறக்கினாள். கீழே செல்லத்தாய் அதைத் தென்னை மூட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். சுபிதா இன்னொரு கயிற்றால் தன்னை மரத்தோடு கட்டி முடிக்கும்போது ஜாஸ்பர் வந்து நின்றான்.

"மைனி, எறங்குங்க. பொம்பள மரத்துல ஏறி நிக்கியதப் பாத்தா நம்ம குடும்பத்த என்ன செல்லுவாவ?"

"விடியாம தோட்டத்துல போய் பால் வெட்டும்ப நான் பொம்பள இல்லியா? அப்ப எவன் என்ன சென்னான்?"

மதிலுக்கு அந்தப்பக்கம் ஞானதாசன் காரைத் தெருவில் விட்டுவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இன்னும் நாலைந்து பேர் கூடினார்கள்.

அவள் கத்தியை ஓங்கினாள். கொம்பின் அடிப்பக்கத்தை முதலில் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கொம்பு சாயும்போது மரத்தின் தோலையும் உரித்துக்கொண்டு போகும், கொடியும் சேர்ந்து போகும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் கை கேட்கவில்லை. ஓங்கிய கத்தி கொம்பைத் தொட்டதும் மணிக்கட்டு தானாகத் திரும்பி, தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி வந்தது. மறுபடியும் ஓங்கினாள். மறுபடியும் ஒரு சீவல். பால் வெட்டப் போன முதல் நாளிலிருந்து கேட்டது ஒரே சொல்தான். கத்தி தோலைத் தாண்டி உள்ளே தடியில் படக்கூடாது. பட்டால் மரம் புண்ணாகும், சூப்பர்வைசர் வாயில் வருவதைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது. அந்தப் பயம் மூளையில் இல்லை, மணிக்கட்டில் இருந்தது.

"என்ன பிள்ளே, கொம்புக்குச் சவரமா?" என்றான் ஞானதாசன். "மீசைய விட்டுரு, நல்லாருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜாஸ்பரும் சிரித்தான். செல்லத்தாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு அவள் கத்தினாள்: "ஏட்டி! அது முதலாளிக்க மரம் இல்ல, ஒனக்க மரம். எந்தச் சூப்பர்வைசரும் வரமாட்டான். வெட்டு!"

சுபிதா சட்டைக்கையை ஏற்றிவிட்டாள். இந்த முறை தோளிலிருந்து ஓங்கினாள். கத்தி தடிக்குள் இறங்கிய சத்தம் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. கெட்ட வார்த்தையை முதல் தடவை வாய்விட்டுச் சொன்னது போல. பிறகு நிறுத்தவில்லை. வெள்ளைப் பால் ஒழுகியது. மஞ்சள் செதில்கள் தெறித்தன. கூடு கலைந்த மிசிறு எறும்புகள் சட்டைக்குள் நுழைந்து கடித்தன. சொறிய அவளுக்குக் கை ஒழியவில்லை.

அடியில் கால்வாசி ஆனதும் மேல்பக்கம் மாறினாள். கோபத்தில் நேராகப் போட்ட ஒரு வெட்டில் கத்தி மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. ஆட்டினாள், அசையவில்லை.

"மரம் அறுக்குத மிஷின்காரன் ரோட்டுல நிக்கான் மைனி," என்றான் ஜாஸ்பர். "கூப்பிடட்டா? ஒரு நொடியில மூட்டோட கெடத்திருவான்."

"கூப்பிடு. நான் எறங்க மாட்டேன். எனக்க காலையும் சேத்து அறுக்கச் செல்லு."

அவன் கூப்பிடவில்லை. அவள் பிடியை மேலும் கீழுமாக அமுக்கி அமுக்கி, உள்ளங்கைத் தோல் உரிய, கத்தியைப் பிடுங்கினாள். அப்புறம் நேராக வெட்டவில்லை. இந்தப் பக்கம் சரிவாக ஒன்று, அந்தப் பக்கம் சரிவாக ஒன்று. செதில் பெரிதாக விழுந்தது.

கொம்பு முனகியது.

"செல்லத்தாயி, பிடிச்சுக்க!"

கொம்பு முறிந்து, வடத்தில் தொங்கி, ஷெட்டைத் தொடாமல் மதிலுக்கு மேலாக இந்தப்பக்கம் வீசி வந்தது. வந்த வேகத்தில் அதன் வெட்டுப்பட்ட மூடு மதிலோரம் இருந்த சுபிதாவின் குளிமுறியில் இடித்தது. கூரை ஷீட் இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்தது. வாளி உருண்ட சத்தம் கேட்டது.

ஜாஸ்பருக்கு முகம் தெளிந்தது. "இப்ப பாத்தியளா? செல்லுயதக் கேட்டாத்தானே?"

"அது ஆருக்க ஷீட்டு?"

"ஒங்களுக்கதான்."

"பின்ன ஒனக்கு எங்க வலிக்குது? நான் வானத்தப் பாத்துக் குளிச்சுக்கிடுவேன்."

"அய்யோ, அப்ப நான் மாடியில ஏறப்பிடாதா?" என்றான் ஞானதாசன்.

"ஏறுங்க அண்ணே. இந்த வெட்டுகத்திய நான் குளிமுறியிலதான் வைக்கப் போறேன்."

செல்லத்தாய் சிரித்த சிரிப்பில் வடம் கைநழுவி, கொம்பு பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. ஞானதாசன் எழுந்துபோய் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். "இஞ்ச எல கெடக்கு," என்றான், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"பொறுக்கி இந்தப் பக்கம் எறிங்க. ஆடு தின்னட்டு."

அவன் பொறுக்கவில்லை. நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே போனான். மற்றவர்களும் கலைந்தார்கள். ஜாஸ்பர் மட்டும் அண்ணாந்து நின்றான். "அடுத்த வருஷம் பின்னயும் அந்தப் பக்கம்தான் தளிர்க்கும்."

"தளிர்க்கட்டு. பின்னயும் ஏறுவேன்."

அவள் இறங்கவில்லை. வெட்டுவாய் பிசிறாக இருந்தது. தண்ணீர் நின்றால் அழுகும். ஆகவே கத்தியைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பை மெல்லிசாகச் சீவத் தொடங்கினாள். இந்த வேலைக்கு மணிக்கட்டு தகராறு செய்யவில்லை. உள்ளங்கை எரிந்தது. மிசிறு இன்னும் கடித்தது. மிளகுக்கொடியில் ஒரு இலைகூடக் கிழிந்திருக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள்.

ஜாஸ்பரின் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் நின்றான்.

"தடிக்காரன்தானே?" என்றாள் மேலிருந்து. "எடுத்துப் பேசு. மரம் நிக்குதுன்னு செல்லு."