ஹயாத் பாஷா பார்த்த மஞ்சள்

1924ஆம் ஆண்டு பங்குனிக் கடைசியில், ஆம்பூரில் பால்கார ஆதிகேசவனின் வெள்ளைப் பசு மஞ்சளாகிப்போனது. எதிர்வீட்டு ஹயாத் பாஷா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம். கொம்பும் குளம்பும் தவிர மற்றதெல்லாம் நல்ல மஞ்சள். ஆதிகேசவன் குளத்தில் இறக்கி வைக்கோலால் தேய்த்தும் நிறம் போகவில்லை. பசு வழக்கம்போலத் தின்றது, வழக்கம்போலக் கறந்தது. அந்த வருஷம் தெருவில் பேச வேறு விஷயங்களும் இருந்தன. பாலாற்றில் தண்ணீர் வரவில்லை, சென்னைப் பட்டணத்தில் தோல் விலை இறங்கியிருந்தது. ஆகவே பசுவைப் பற்றி ஒரு வாரம் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள்.

ஹயாத் பாஷா அப்போது ஐம்பதைத் தாண்டியவர். நசீர் அகமது சாயபுவின் தோல் மண்டியில் பதனிட்ட தோல்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. வெளிச்சம் விழும் பக்கம் நின்று ஒரு தோலைத் தூக்கிப் பார்த்து இடப்பக்கமோ வலப்பக்கமோ போடுவார். முந்தின மழைக்காலத்தில் அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. வீக்கம் முழங்காலுக்கு ஏறி, வயிற்றுக்கு ஏறி, படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். மனைவி ஜஹீதாவும் பக்கத்தில் உட்கார்ந்தே கழித்தாள். கடைசியில் ரயிலில் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து ஜட்கா வண்டி வைத்துப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, வேலூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் களைத்துவிட்டது என்றார். டிஜிடாலிஸ் என்ற மருந்தைத் தண்ணீரில் சில துளிகள் விட்டுக் குடிக்கச் சொன்னார். உடம்பிலிருந்த நீரெல்லாம் இறங்கியது. ஹயாத் பாஷா காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். ஜஹீதாவும் அன்றுதான் தூங்கினாள்.

கோடை வந்ததும் சாயங்காலங்களில் மறுபடி மூச்சு இளைக்க ஆரம்பித்தது. ஜஹீதா யாரையும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்கென்று துளிகளைக் கூட்டினாள். இளைப்பு நின்றது. பிறகுதான் அவர் பார்த்ததெல்லாம் அவருக்கு மஞ்சளாகத் தெரிந்தது. விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. சோறு பார்த்தால் குமட்டியது. அவர் கண்ணுக்குள் இருந்த மஞ்சள் எப்போது வெளியே வழிய ஆரம்பித்தது என்று திட்டமாகச் சொல்ல ஆளில்லை. போகிறபோக்கில் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கண்ணை நிறுத்திப் பார்த்தால் பொருள் மஞ்சளாகும். பசுவுக்குப் பிறகு, கொடியில் காய்ந்த போர்வைகள் மஞ்சளாயின. ஜஹீதா சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்துக் கை காய்த்ததுதான் மிச்சம். பால் வாங்கும்போது சொம்பைப் பிடித்திருந்த ஆதிகேசவனின் உள்ளங்கை மஞ்சளானது. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்ல பாய், கை நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

அன்றிலிருந்து ஹயாத் பாஷா மனிதர்களைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். பேசும்போது தரையைப் பார்த்தார். பள்ளிவாசலுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். ஜமாஅத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவராகவே கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் கையைப் பிடித்து உள்ளே போய்த் தொழுதுவிட்டு அதேபோல வெளியே வந்தார். மண்டியில்தான் முடியவில்லை. தரம் பிரிக்கப் பார்த்துத்தான் ஆகவேண்டும், பார்த்தால் மஞ்சளாகிவிடும். நல்ல தோலும் கீறல் விழுந்த தோலும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி இருந்தன. நசீர் அகமது முதலில், கீறல் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டு ஒரு சுமை முழுக்கப் பார்க்கச் சொல்லிப் பட்டணத்துக்கு அனுப்பினார். வாங்கியவர்கள் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பாஷா பாய், நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல. ஆனா நீங்க பாத்தா எல்லாம் ஒண்ணாப் போவுது. கொஞ்ச நாள் வூட்ல இருங்க" என்றார் நசீர் அகமது. ஹயாத் பாஷா அன்றோடு வீட்டில் இருந்துவிட்டார்.

உள்ளூர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஆரோக்கியமேரி, ஜஹீதா கொண்டுபோன மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எத்தனை துளி கொடுத்தாய் என்று ஜஹீதாவைக் கேட்டாள். ஜஹீதா மறைக்காமல் சொன்னாள்.

"இது நெஞ்சுக்கு நல்ல மருந்துதாம்மா. ஜாஸ்தியாப் போனா கண்ணுல தான் மொதல்ல காட்டும். மஞ்சள்னு சொன்ன அன்னிக்கே வந்திருக்கணும்."

"கம்மி பண்ணா மூச்சு வாங்குது சிஸ்டரம்மா. மூச்சு வாங்குனா நான் இன்னா பண்ணட்டும்?"

ஆரோக்கியமேரி வேலூர் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்தாள். கண் தெளிந்தது, கால் வீங்கியது. கொஞ்சம் கூட்டினார்கள். கால் வற்றியது, மஞ்சள் வந்தது. மற்றவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க ஓர் இடம் இருந்தது. ஹயாத் பாஷாவுக்கு அந்த இடம் இல்லை, அவர் உடம்பின் வாகு அப்படி. டாக்டரும் அதையேதான் எழுதினார். ஆக, மஞ்சளோடு மூச்சு, அல்லது மூச்சில்லாமல் மற்ற நிறங்கள். மூச்சு இருக்கட்டும் என்று ஜஹீதா முடிவுசெய்தாள். ஹயாத் பாஷா ஒரு கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டார். பார்வை உள்ள மனிதரைப் பார்வை இல்லாதவரைப்போல அவள் இரண்டு வருஷம் கைபிடித்து நடத்தினாள். சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள். பீடி இலை வெட்டிக் குடும்பத்தை ஓட்டினாள். அலுப்பாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

1926இல் மகள் பில்கிஸுக்குப் பேரணாம்பட்டிலிருந்து சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் அப்துல் கஃபார் நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "குத்தமா எடுத்துக்காதீங்க. நிக்காஹ் அன்னிக்கு மட்டும் துணியக் கழட்டாம இருந்தாப் போதும். எங்க ஜனங்க பயப்படறாங்க." ஹயாத் பாஷா சரி என்று தலையாட்டினார். ஆனால் மகளை ஒருமுறை சிவப்புப் புடவையில் சிவப்பாகவே பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குள் ஓர் ஆசை வந்துவிட்டது. அன்றிலிருந்து மருந்தைக் குடிப்பதுபோல வாயில் வைத்திருந்து முற்றத்தில் துப்பினார். ஒரு வாரத்தில் அவர் காலை அமுக்கிவிட்ட ஜஹீதாவின் விரல் உள்ளே பதிந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"மருந்து குடிக்கலியா?"

"கல்யாணம் முடியட்டும். ஒரு தடவ அவளச் செவப்புல பாத்துட்டு அப்புறம் குடிக்கிறேன்."

"அப்புறம் எங்க இருக்கப் போறீங்க?" என்றாள் ஜஹீதா. கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. "திரும்ப ஒரு மழைக்காலம் பூரா உக்காந்து முழிக்க என்னால ஆவாதுங்க."

அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பில்கிஸ் புட்டியை எடுத்துவந்து, துளிகளை எண்ணி விட்டுத் தகப்பன் கையில் கொடுத்தாள். "குடி பாவா. செவப்பு கடைல நெறைய இருக்குது. கல்யாணத்தன்னிக்குத் துணியக் கட்டிக்காத. நீ பாக்காத கல்யாணம் எனக்கு வோணாம்." அவர் குடித்தார். பில்கிஸ் சொன்னதை அப்துல் கஃபாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் யோசித்துவிட்டு, பெண்ணே சொன்ன பிறகு நாம் என்ன சொல்வது என்றார்.

நிக்காஹ் அன்று ஹயாத் பாஷா கண்ணைத் திறந்து மகளை ஆசைதீரப் பார்த்தார். பில்கிஸின் முகமும் சிவப்புப் புடவையும் பழுத்த மாம்பழ நிறத்துக்கு வந்தன. மாப்பிள்ளையின் ஷெர்வானியும், தட்டில் இருந்த வெள்ளைச் சர்க்கரையும், பந்தலும் மஞ்சளாயின. அப்துல் கஃபார் மஞ்சளாகிவிட்ட தன் தாடியைக் கையில் பிடித்துப் பார்த்து, "இனிமே மருதாணி பூசற வேலை மிச்சம்" என்றார். பிறகு எல்லோரும் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தார்கள். மஞ்சள் பிரியாணி ருசியில் ஒன்றும் மாறியிருக்கவில்லை.

பெண்ணை அனுப்பிவிட்டு வந்த மறுநாள் காலை ஜஹீதா பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கணவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவர் மறுபடி துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் பாத்தாச்சு. என்னைய எப்பப் பாக்கப் போறீங்க?"

"வோணாம். நீ ஒருத்தியாச்சும் இருக்கற நெறத்துல இரு."

"இருக்கற நெறத்துல இருந்து இன்னா பண்ணப் போறேன்? ரெண்டு வருஷமா நான் ஒருத்தி இங்க இருக்கேன், நீங்க பாக்கல."

அவளே துணியை அவிழ்த்தாள். ஹயாத் பாஷா பார்த்தார். முதலில் நெற்றியும், பிறகு கன்னமும், கழுத்தும், பீடி இலை வெட்டி வெடித்த விரல்களும் மஞ்சளாயின. அவர் பார்வையை எடுக்கவில்லை. "இவ்ளோ எளச்சிப் போய்ட்டியே ஜஹீதா" என்றார். அவள் ஆமாம் என்றாள். அதற்குப் பிறகு அவர் துணி கட்டவில்லை. தெருவில் பாதி மஞ்சளானது. யாருக்கும் அதனால் தொந்தரவில்லை. நிறைய வீடுகளில் வெள்ளை அடிக்கும் வழக்கம் நின்றுபோனதுதான் மிச்சம்.

1931இல் மருந்தும் போதாமல் ஹயாத் பாஷா தூக்கத்திலேயே, காலை நீட்டிப் படுத்தபடி இறந்துபோனார். அதற்குச் சில வருஷம் கழித்து ஜஹீதா முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆரோக்கியமேரி வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தாள். புதிதாக வந்த டாக்டரம்மா ஜஹீதாவின் முகத்தைப் பார்த்துப் பதறி, கண்ணை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, ஈரல் இருக்கும் இடத்தை அழுத்தி, எங்கேயும் ஒன்றும் அகப்படாமல் திகைத்து நின்றாள். "இந்த நெறம் எவ்ளோ நாளா இருக்குது?" என்று கேட்டாள்.

"அது வியாதி இல்லம்மா. எங்க வூட்டுக்காரர் பாத்தது" என்றாள் ஜஹீதா. "நீங்க முட்டிக்கு மருந்து குடுங்க."

டாக்டரம்மா முட்டிக்கு மருந்து கொடுத்தாள்.