ஆமைத் தலையும் மரங்கொத்தித் தலையும்

என் வீட்டுக்காரரும் அக்கா வீட்டுக்காரரும் விலங்கியல் அருங்காட்சியகத்தின் பின்னறையில் ஒரே மேசையில் எலும்புக்கூடு கோப்பவர்கள். அத்தானுக்குக் கடலாமை, இவருக்குப் பறவைகள். விளக்கப் பலகை எழுதுவது நான். சகலைகள் இருவரும் எப்போதும் எலியும் பூனையும்தான்.

புதுக் கூடத்தில் கடலாமையையும் மரங்கொத்தியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டச் சொல்லியிருந்தார்கள். குறிப்பெடுக்க உட்கார்ந்தேன்.

"எழுதிக்கோம்மா," என்றார் அத்தான். "ஆமை பல கோடி வருஷமா கடலை ஆளுற உயிர். இவரோட பறவை, கட்டையைத் தட்டிப் புழு பொறுக்குற ஜென்மம்."

"தட்டவும் தலை வேணும் சகலை. நாள் பூரா கொத்தினாலும் மண்டைக்கு ஒண்ணும் ஆகாது. உங்க கடலாமைக்கு, அடி விழுந்தா தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்கக்கூட வராதே!"

நான் சிரித்துத் தொலைத்தேன். அத்தான் முகம் கறுத்தது. இவர் கோத்து வைத்திருந்த மரங்கொத்தி மண்டையோட்டை எடுத்து, "எங்க, பாக்கலாம்" என்று மேசையில் அறைந்தார். மூன்று வார வேலை தூள்தூளாகப் போனது.

இவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தினார். "இதையும் எழுதிக்கோ. மரங்கொத்தியில ராத்திரி பூரா அடைகாக்கிறது அப்பன்தான். கடலாமை அப்பன் கரைக்கே வராது. குஞ்சு செத்துச்சா பொழைச்சுதான்னு தெரியாது. உன் அத்தான் மாதிரியே."

அக்கா மகள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்த வாரம் அத்தான் ஆமைக்கூடு எடுத்துவரக் கப்பலில் போயிருந்தார். திரும்பியபோது அடக்கம் முடிந்துவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பேசியதே இல்லை.

மேசையில் கிடந்த சுத்தியலை அத்தான் எடுத்ததை நான் பார்க்கவில்லை. முதல் அடியில் இவர் தாடை கோணிக்கொண்டது. இரண்டாவது கண்ணில் இறங்கியது. "சொல்லுடா! இன்னொரு தடவை சொல்லு!" அத்தான் கையைப் பிடித்துத் தொங்கினேன், உதறியதில் என் உதடு கிழிந்தது. விழுந்த இடத்திலிருந்தே இவர் எலும்பு சுரண்டும் கத்தியை அத்தான் தொடையில் பிடிவரை செருகினார். அத்தான் மடங்கி விழுந்தார். "பாப்பா, பாப்பா" என்று தரையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் ஓடிவந்துதான் பிரித்தார்கள்.

இவருக்கு இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'நான் எதுவும் சொல்லலைன்னு போலீஸ்ல சொல்லு.'

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சொன்னதை, எழுத்து மாறாமல். நான் சிரித்ததையும்.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிறுத்தினாள். "என் பொண்ணு சாவை உன் புருஷன் வேலை மேசையில எடுத்துப் போட்டாரா?"

"ஆமாக்கா."

பளாரென்று அறைந்தாள். பிறகு என் கிழிந்த உதட்டைப் பார்த்துத் தன் முந்தானையால் ஒற்றிவிட்டாள். நேரே உள்ளே போய் இவர் கட்டிலருகே நின்றாள்.

"கண்ணு போனதுக்கு நானும் அழுறேன்," என்றாள். "அந்த வாய் உடைஞ்சதுக்கு அழ மாட்டேன்."

அத்தானுக்கு இரண்டு வருடம் தண்டனை. மாதம் ஒருமுறை அக்காவோடு நானும் சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இவருக்குத் தெரியும்.