ஆறடிக்குள் ஈரம் கூடாது

...ஈரம் கூடாது, ஆறடிக்குள் பொட்டு ஈரம் கூடாது என்று சொல்லிவிட்டு சுகாதார ஆபீசர் நிழல் தேடி ஒதுங்குகிறார், நாற்பது வருஷம் கிணறு வெட்டியவனிடம் தண்ணீர் வராத குழி வெட்டு என்கிறார், என் பெண்டாட்டி கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்... அவள் முன்னறையில் கிடக்கிறாள், விடியலில் என் கையைப் பிடித்தபடியே போனவள். சொந்த நிலத்தில் புதைக்க இரண்டு பேர் தலையாட்ட வேண்டுமாம். கோயில் பெரியவர் காலையிலேயே வந்தார், விற்கப்போகும் மண்ணிலும் ஊறுகிற மண்ணிலும் கிடத்தக்கூடாது, பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார், விற்கமாட்டோம் என்று எங்கள் வாயால் சொல்லவைத்துவிட்டுப் போனார். ஆபீசருக்கு இந்தச் சோதனைக்குழி. ஈரம் கண்டால் கையெழுத்து இல்லை, பொதுமயானம்தான், அங்கே பத்து வருஷத்தில் அதே குழியில் இன்னோர் ஆளை வைப்பார்கள், பாயில்கூடப் பங்கு கொடுக்காத மகராசி அவள், எனக்கே ஓரத்தில்தான் இடம்...

மேல்மண் போயிற்று, சரளை வந்துவிட்டது, கடப்பாரை பட்டால் கைமூட்டு வரைக்கும் அதிர்கிறது. மகள் வாசலிலிருந்து, "அப்பா, மூச்சு வாங்குதே, கொஞ்சம் உக்காரேன், நீயும் படுத்துட்டா நான் யாரைப் பாக்குறது?" என்கிறாள், பேச்சு அப்படியே ஆத்தாளுடையது. போன மாதம்தான் இவள் ஆத்தா சொன்னாள், "கூலிக்கு வெட்டுனதெல்லாம் ஊராருக்குப் போச்சு, எனக்குன்னு ஒண்ணு நம்ம மண்ணுல வெட்டு, அதையாவது கோணாம வெட்டுய்யா." என் கிணறு எதுடி கோணல் என்று சண்டைக்குப் போனேன், அவள் விரல்விட்டு மூன்று சொன்னாள், மூன்றும் நிஜம். கிணற்றுக்கரைச் சேற்றில் நின்று நின்று முழங்கால் பூசணி மாதிரி வீங்கியவள், இனிமேலும் அவளை ஈரத்தில் படுக்கவைக்கவா, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்...

ஆபீசர் டேப்பை இறக்குகிறார், ஆறடி சரி. "காஞ்சுதான் இருக்கு. மழைக்காலத்துல ஊறுமாங்க? நீங்க தொழில்காரரு, சொல்லுங்க, அதையே எழுதிக்கிறேன்." குனிந்து ஒரு பிடி மண் அள்ளுகிறேன், பிசைகிறேன், "ஊறாதுங்க" என்கிறேன். அவர் எழுதுகிறார். அவ்வளவுதானா? நாற்பது வருஷம் ஊரே நம்பிய வாக்கு... யார் வாக்கு அது? குழிக்குள் நின்று நான் ஒரு பிடி மண்ணைக் கூடையில் போட்டு அனுப்புவேன், மேலே அவள் அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள், தண்ணீர் உண்டென்றால் கயிற்றை இரண்டு தரம் ஆட்டுவாள், அப்புறம்தான் நான் மீசையைத் தடவிக்கொண்டு நிலத்துக்காரனிடம் சொல்வேன். ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநாளும் அவள் சொல்லிக் காட்டியதில்லை. காய்ப்புக் காய்த்த இந்தக் கைக்கு என்ன தெரியும்? இப்போது நான் சொன்னது பொய்யா நிஜமா, அதுவே எனக்குத் தெரியவில்லையே...

"அப்பா, கையெழுத்துப் போட்டுட்டாரு, மேல ஏறி வா."

"இரும்மா."

மண்ணைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன், நரைத்த தாடிமுள்ளில் உறுத்துகிறது, குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது... மண்ணா, என் வேர்வையா?