இரண்டாவது பூச்சு

தெருவில் அவரைப் பாய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். மில்லில் பாய்லருக்குத் தீ போட்டே தலை நரைத்தவர். மனைவி போன பிறகு மாடியில் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தார். தலைக்கு மேலே வெறும் தளம். வெயில் காலத்தில் அந்த அறைக்கும் மில் பாய்லருக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: பாய்லர்கிட்டே ஷிஃப்ட் முடிந்தால் வெளியே போய்விடலாம்.

போன கோடையில் அந்த அறைக்குள்ளேயே மயங்கி விழுந்தார். இன்னொரு கோடை இவரை அந்தச் சூட்டில் விட்டால் அப்புறம் என்னைக் கேட்காதே என்று டாக்டர் மகனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மகன் உடனே, டாக்டர் காதில் நன்றாக விழும்படி, "இனிமே எங்ககூடதாங்க இருப்பாரு" என்றான்.

மகன் வீட்டில் ஓர் அறை சும்மாதான் இருந்தது. துணி காயப்போடும் கொடியும், யாரும் ஏறாத உடற்பயிற்சி மிஷினும் அதில் குடியிருந்தன. பாய்லர் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கடைக்காரன் தராசைப் பிடித்தால் முள்ளைப் பார்க்கமாட்டார், அவன் விரலைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் இந்தச் சொல்லை நம்பினார். தன் மாடி அறைக்குத் திரும்பிய கையோடு நாலு சட்டை, சவர சாமான், மனைவியின் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

மழைக்காலம் போயிற்று. குளிரும் போயிற்று. பை அங்கேயே இருந்தது.

மறுபடி வெயில் தலைகாட்டியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். அழைத்துப் போக வண்டி கொண்டுவரவில்லை, பெயின்ட் டப்பா கொண்டுவந்திருந்தான். வெயிலைத் திருப்பியடிக்கிற வெள்ளை பெயின்டாம். ஜன்னலில் வைக்க வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை, கதவு இடுக்கில் ஒட்டப் பஞ்சுப் பட்டை, சூடாகாத பல்பு. எல்லாம் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஏசியை வாங்கி மாட்டிவிட்டுக் கரண்டு பில்லுக்கு அழுவானேன், இது மொத்தமும் ஒரு நல்ல செருப்பு விலைகூட வராது என்றான். அப்பனுக்கு ஆகிற செலவு செருப்பு விலைக்குள் அடங்கியதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்படியானால் நான் உன் வீட்டுக்கு வருவது என்ன ஆயிற்று என்று பாய்லர் கேட்கவில்லை. கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத வாய். மகனே சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டிவிட்டுச் சொன்னான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்து பாக்கறேன். சூடு கொறஞ்சிருந்தா இங்கயே நிம்மதியா இருங்க. கொறயலேன்னா பாத்துக்கலாம்பா."

அந்தப் 'பாத்துக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாய்லர் தொங்கினார்.

மகன் தளத்தில் ஏறிப் பாசியைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தான். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழ்வீட்டு இஸ்திரிக்காரர் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, வெள்ளையடிக்கிறத பாத்தா பொண்ணு பாத்தாச்சு போல?"

"ஆமா, ஒன் மாமியாதான் சரின்னு சொல்லியிருக்கு."

இஸ்திரிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம், இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்பனுக்காக வெயிலில் நின்று மாடு மாதிரி உழைக்கிறான், நீங்கள் கொடுத்து வைத்தவர் என்று மெச்சினார். பாய்லருக்கு வாயெல்லாம் கசந்தது.

பெயின்ட் வேலை செய்தது. அதுதான் கொடுமை. மறுநாள் உச்சி வெயிலில் ஸ்டூலில் ஏறி மேல்தளத்தைத் தொட்டுப் பார்த்தார். தொட முடிந்தது. வெப்பமானி இறங்கியது. அன்று மத்தியானம் எத்தனையோ கோடைக்குப் பிறகு அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார். எழுந்ததும் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. துரோகி, உனக்கு என்னடா தூக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். தான் நன்றாகத் தூங்கும் ஒவ்வொரு மத்தியானமும் அந்தக் கொடிக்கும் மிஷினுக்கும்தான் லாபம்.

ஞாயிறு வந்தது. காலையிலேயே ஜன்னல் அட்டைகளைக் கழற்றி வெயிலை உள்ளே விட்டார். இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி அடுப்பில் ஏற்றித் தீயைப் பெரிதாக வைத்தார். ஆயுசு முழுக்கச் செய்த வேலைதானே, கை தானாக ஓடியது. ஆவி அறையை அடைத்தது. மகன் வரும் நேரம் பார்த்துத் தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தைக் கவிழ்த்து, அட்டைகளைத் திரும்ப மாட்டினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மகன் உள்ளே வந்ததும் நேரே வெப்பமானியைத்தான் பார்த்தான்.

"என்னப்பா இது, கொறயவே இல்லியே."

"எங்கடா கொறயுது" என்று பாய்லர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் ராசி அப்படி."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவன் மேல்தளத்தைப் பார்த்தான். சுவரைத் தடவினான். தண்ணீர் குடிக்க அடுப்புப் பக்கம் போனவன் அடுப்பின்மேல் கையை ஊன்றி, வெடுக்கென்று எடுத்து விரல்களை உதறினான். கவிழ்ந்து கிடந்த பாத்திரத்தைப் பார்த்தான். அதற்கு மேலே சுவர் வியர்த்து வடிந்துகொண்டிருந்தது.

திட்டட்டும் என்று பாய்லர் தயாராக இருந்தார். திட்டினால் பதிலுக்கு ஒன்று கேட்டுவிடலாம். அந்த ரூமில் கொடி இருக்கலாம், நான் இருக்கக் கூடாதா என்று கேட்டுவிடலாம். நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவன் திட்டவில்லை.

"ஒரு கோட்டு பத்தலப்பா" என்றான், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "இன்னொரு கோட்டு அடிச்சிடலாம்."

மிச்ச பெயின்ட் கட்டிலுக்கு அடியில் இருந்தது. குனிந்தான். முன்னால் பை மறித்துக்கொண்டு நின்றது. முழுசாக மூடாத வாய்வழியாக அவன் அம்மா படத்தின் ஓரம் தெரிந்தது. கண்ணாடி உடைந்துவிடாதபடி பையை மெதுவாக ஓரம் தள்ளி வைத்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தான். வெளியே போய் ஏணியைச் சாய்த்துக் காலை வைத்ததும் அது ஆடியது.

பாய்லர் எழுந்து போனார்.

"இருடா, புடிச்சிக்கறேன்" என்றார். "ஏறு."